தோலோடு ஆரஞ்சு கேக்: கசப்பும் களியும் எங்கிருந்து வந்தன?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. சீனப் பெருநாளுக்கு வந்த மாண்டரின் ஆரஞ்சுப் பெட்டியில் பாதி அப்படியே கிடக்கிறது. முழுப் பழத்தையும் தோலோடு அரைத்துப் போட்டால் கேக் உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டிருக்கிறார். முதலில் கடையில் வாங்கிய மூன்று பெரிய சன்கிஸ்ட் ஆரஞ்சை அரை மணி நேரம் வேகவைத்து அரைத்து, பாதாம் தூளின் விலையைப் பார்த்துவிட்டு அதற்குப் பதில் அதே எடைக்குக் கோதுமை மாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்திருக்கிறார். மேலே நல்ல நிறம். நடுவில் களி. வாயில் வைத்தால் கசப்பு. "அப்பாவுக்கு இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. அவருக்காகத்தான் செய்தேன். எங்கே தப்பு? பெட்டி ஆரஞ்சில் செய்யலாமா?"

செய்யலாம். சொல்லப்போனால் பெட்டி ஆரஞ்சுதான் இதற்கு வசதி. ஆனால் பல பேர் இந்தக் கேக்கைத் தப்பான காரணத்துக்காகச் செய்கிறார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோலில் வைட்டமின் சி அதிகம் என்பது உண்மை. பச்சைத் தோலில் 100 கிராமுக்குச் சுமார் 136 மில்லிகிராம், சுளையில் சுமார் 53. ஆனால் இரண்டு மணி நேரம் தண்ணீரில் வெந்து, அப்புறம் ஒரு மணி நேரம் ஓவனில் கிடந்த பழத்தில் அதில் பெரும்பங்கு போய்விட்டிருக்கும். வைட்டமின்தான் வேண்டும் என்றால் பழத்தை உரித்து அப்பா கையில் கொடுத்துவிடுங்கள், வேலையும் மிச்சம். முழுப் பழம் போடுவதில் இருக்கும் லாபம் வேறு. வெந்து அரைத்த பழம் கேக்கில் வெண்ணெய் செய்யும் வேலையைச் செய்கிறது. தோலுக்கும் சுளைக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியில் பெக்டின் என்ற நார்ச்சத்து நிறைய. ஜாம் கட்டியாவதும் இதனால்தான். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் ஒரு கரண்டி வெண்ணெய் இல்லாமலும் கேக் மூன்று நாள் ஈரமாக இருக்கும். தோலின் எண்ணெயில் இருக்கும் மணம் அவ்வளவு வலுவாக இருப்பதால் சீனியையும் குறைக்க முடிகிறது.

இந்தக் கேக் நான் கண்டுபிடித்ததல்ல. 1492இல் ஸ்பெயினைவிட்டு வெளியேற்றப்பட்ட செஃபார்டி யூதர்களின் சமையலிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அவர்களுடைய பாஸ்கா நாட்களில் புளிக்கக்கூடிய மாவு ஆகாது. அதனால் பாதாமும் முட்டையும் பழமும் மட்டும். கோதுமை மாவு சேர்க்காததால்தான் அந்தக் கேக் அப்படி ஈரமாக நிற்கிறது. நீங்கள் பாதாமை எடுத்துவிட்டு அதே எடைக்குக் கோதுமை மாவு போட்டால் அது வேறு பண்டம். பாதாமில் பாதி எண்ணெய். கோதுமை மாவில் எண்ணெய் இல்லை என்றே சொல்லலாம், பசையத்தான் தெரியும். அந்த ஈரத்தில் அது களியாகாமல் என்ன ஆகும்?

இப்போது கசப்புக்கு வருவோம். நார்த்தங்காய் ஊறுகாய் போட்ட வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. (ஆரஞ்சு என்ற சொல்லே சுற்றிச் சுற்றிப் போனால் நம் நாரத்தையின் சொந்தக்காரன்தான் என்று மொழியறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.) எங்கள் பாட்டி நார்த்தங்காயைச் சுருளாக வெட்டி, உப்பை அடைத்து, நாள் கணக்கில் வெயிலில் போடுவார். கசப்பு முழுக்கப் போகாது, ஆனால் பணிந்து நிற்கும். ஆரஞ்சிலும் அதே கதைதான், உப்புக்குப் பதிலாக இங்கே தண்ணீரும் நேரமும்.

ஆரஞ்சுக் கசப்பில் முக்கியமான பேர்வழி லிமோனின். விதையிலும், சுளையைச் சுற்றியிருக்கும் தோலிலும், வெள்ளைப் பகுதியிலும் இருக்கிறது. பழம் முழுதாக இருக்கும்வரை அது கசக்காத வேறொரு வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். நசுங்கிப் புளிப்புச் சாற்றோடு கலந்த பிறகுதான் மெல்ல மெல்லக் கசப்பாக மாறும். காலையில் பிழிந்த ஜூஸ் மத்தியானம் கசப்பது இதனால்தான். தொப்புள் மாதிரி அடியில் ஒரு சுழி இருக்கும் நேவல் ஆரஞ்சில் இது அதிகம். சுழி இல்லாத வலென்சியாவில் குறைவு, ஆனால் விதை இருக்கும். நம் ஊரில் எல்லாவற்றையும் சன்கிஸ்ட் என்றே கேட்டு வாங்குகிறோம். ஆஸ்திரேலியா, எகிப்து, தென்னாப்பிரிக்கா என்று எங்கிருந்து வந்தாலும் அதே பெயர்தான். ஸ்டிக்கரைப் பார்ப்பதைவிடப் பழத்தைத் திருப்பி அடியைப் பாருங்கள். உங்கள் மூன்று பெரிய பழமும் தொப்புள்காரர்களாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். போதாததற்கு அரை மணி நேரம்தான் வெந்திருக்கிறது.

நான் செய்வது இப்படி. பழத்தை வெந்நீரில் போட்டு, சோடா மாவு ஒரு கரண்டி தூவி, பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்துக் கழுவுவேன். கப்பலில் வரும் பழத்துக்கு மேலே மெழுகு பூசியிருக்கும், பூஞ்சை வராமலிருக்க இமஸாலில் போன்ற மருந்தும் அடித்திருப்பார்கள். தோலைச் சாப்பிடப் போகிறோம் என்றால் இந்த வேலையில் சோம்பல் கூடாது. அப்புறம் பழம் முழுகும் அளவு தண்ணீர். பழம் மிதக்கும், ஆகவே மேலே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். கொதித்து 15 நிமிடம் ஆனதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். பெரிய ஆரஞ்சுக்கு மொத்தம் ஒன்றே முக்கால் முதல் இரண்டு மணி நேரம், சிறு தீயில். அடுப்பு அவ்வளவு நேரம் எரிவது மனதுக்கு உறுத்தினால் குக்கர் இருக்கிறது. பழத்தை முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி, ஒருமுறை கொதித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, விசில் வந்த பிறகு சிறு தீயில் 20 நிமிடம். குத்தாமல் வைத்துவிட்டு நான் ஒருமுறை குக்கர் மூடியின் உட்பக்கமெல்லாம் ஆரஞ்சு அப்பியதைச் சுரண்டியிருக்கிறேன்.

வெந்ததா என்பதை கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு ஈர்க்குச்சியைத் தோலில் வைத்து அழுத்துங்கள். வெந்த உருளைக்கிழங்கில் இறங்குவது மாதிரி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தோல் "டப்" என்று எதிர்த்தால் இன்னும் நேரம் இருக்கிறது. ஆறிய பிறகு ஒரு தட்டில் வைத்துக் குறுக்கே வெட்டுங்கள். கத்தி தேவையே இல்லை என்பது போல விழும். சாறு தட்டில் பரவும், விதைகள் பளபளவென்று மேலே தெரியும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு விதையையும் விரலால் தள்ளி எடுங்கள். மூன்று விதை தப்பினால் போதும், மிக்சியில் அரைபட்டு மொத்தக் கேக்கையும் கெடுத்துவிடும். எங்கள் பெரியம்மா முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் முதன்முதலில் சுட்ட கேக்கை ஒரு வாய் வைத்துவிட்டு, "வேப்பங்கொழுந்து அரைச்சு ஊத்தினியா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் விதையே எடுக்கவில்லை. அரைத்தால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று நினைத்தேன். ஆமாம், ஒன்றாகிவிட்டது.

அடுத்தது நடுவில் வந்த களி. மாவு மட்டும் காரணமில்லை, எடையும்தான். இந்தக் கேக்கில் பழத்தை எண்ணிப் போடக் கூடாது, நிறுத்துப் போட வேண்டும். ஆறு முட்டைக்கு, விதை எடுத்த வெந்த பழம் 350 முதல் 375 கிராம். நடுத்தர ஆரஞ்சு இரண்டு. உங்கள் மூன்று பெரிய பழம் 600 கிராமைத் தாண்டியிருக்கும். கிட்டத்தட்ட இரண்டு கேக்குக்கான ஈரத்தை ஒரு தட்டில் ஊற்றியிருக்கிறீர்கள். பெட்டி ஆரஞ்சு என்றால் அளவைப் பொறுத்து நான்கு அல்லது ஐந்து பழம். தோல் மெலிசு, வெள்ளைப் பகுதி மிகக் குறைவு, அதனால் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். பெக்டினும் கொஞ்சம் குறைவுதான், கேக் ஒரு சுற்று மென்மையாக இருக்கும். தோல் தளர்ந்து காற்று நிற்கும் போன்கான் வகையைவிடத் தோல் ஒட்டியிருக்கும் லுகான் எனக்குப் பிடிக்கும், மணம் கூர்மை.

செய்முறை பெரிய வித்தை இல்லை. முட்டை ஆறையும் சீனி 150 கிராமையும் மிக்சரில் ஆறேழு நிமிடம், வெளுத்துத் தடித்து நாடாவாக விழும்வரை அடியுங்கள். அரைத்த பழ விழுது நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூடாக ஊற்றினால் முட்டையின் நுரை அப்படியே அமுங்கிவிடும். விழுதைக் கலந்து, பாதாம் தூள் 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை. உப்பை விட்டுவிடாதீர்கள், மிச்சமிருக்கும் கசப்பை நாக்கில் தெரியாமல் அடக்குவது அதுதான். ஏலக்காய் நான்கு தட்டிப் போடலாம். 23 சென்டிமீட்டர் தட்டு, அடியில் பேக்கிங் தாள், 170 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம். பாதாம் சீக்கிரம் கறுக்கும், ஆகவே அரை மணி நேரத்துக்கு அப்புறம் மேலே அலுமினியத் தாளை மூடுங்கள். நம் வீடுகளில் இருக்கும் மேசை ஓவனில் மேல்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருக்கும். மேலே நல்ல நிறமும் உள்ளே களியும் சேர்ந்தே வருவதற்கு அதுவும் ஒரு காரணம். கீழ்த்தட்டில் வையுங்கள். வெந்ததும் தட்டிலேயே முழுக்க ஆறவிட வேண்டும். சூட்டில் வெட்டினால் நன்றாக வெந்த கேக்கும் களி மாதிரிதான் இருக்கும்.

பாதாம் விலை உறுத்துகிறது என்றீர்கள். எனக்கும் உறுத்தும். பாதியைக் குறைத்து 125 கிராம் பாதாமும் 125 கிராம் ரவையும் போட்டால் சுகி கேக்கின் வாடை வரும், அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ரவையை முதலில் வெறும் சட்டியில் லேசாக வறுத்து, ஆறிய பழ விழுதோடு கலந்து 20 நிமிடம் ஊறவிட்டுவிடுங்கள். பச்சை ரவை ஓவனுக்குள் போய் ஈரத்தைத் தேடினால் கேக் வறட்டி. மலிவு என்று கச்சான் (வேர்க்கடலை) தூள் போட்டுப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். ஆரஞ்சு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மரக்கறி விரதம் பிடிக்கும் வீட்டுக்கு முட்டையில்லாமலும் ஒரு வழி உண்டு. ரவை 200 கிராம், கெட்டித் தயிர் 200, பழ விழுது 250, எண்ணெய் 80 மில்லி, சீனி 150. இதை ஊறவைத்து, கடைசியில் பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சோடா மாவு அரை. தயிரும் பழமும் புளிப்பு என்பதால் சோடா உடனே பொங்கத் தொடங்கும், அதன் பிறகு அடுப்படியில் நின்று கதை பேசக் கூடாது. ஓவன் இல்லாதவர்கள் இதைத் தாளால் மூடி இட்லிப் பானையில் 45 நிமிடம் ஆவியில் வேகவைக்கலாம். மலாய்க்கார அக்காமார்களின் கேக் குக்குஸ் மாதிரி வரும்.

சரி, அப்பா விஷயம். மலேசியாவில் 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் 18 வயதை எட்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இந்தச் சின்ன ஊரிலேயே எந்த வீட்டுக்குப் போனாலும் மேசையில் மாத்திரைப் பெட்டி இருக்கிறது. ஆகவே "ஆரோக்கியக் கேக்" என்று பெயர் வைத்துவிட்டு நான்கு துண்டு வெட்டிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்கைப் பார்த்துவிடுங்கள். வெண்ணெய், சீனி, மாவு தலா 250 கிராம் போட்ட வழக்கமான பட்டர் கேக்கைப் பன்னிரண்டாக வெட்டினால் துண்டுக்குச் சுமார் 335 கலோரி. மாவுச்சத்தும் சீனியுமாக 37 கிராம் அளவுக்கு வரும். மேலே சொன்ன பாதாம் ஆரஞ்சு கேக்கில், 150 கிராம் சீனியோடு, ஒரு துண்டுக்குச் சுமார் 220 கலோரி, மாவுச்சத்தும் சீனியுமாக 18 கிராமை ஒட்டி. அதாவது ரொட்டி ஒரு துண்டைவிடக் கொஞ்சம் கூட. இன்னொரு பெரிய வித்தியாசம் கொழுப்பில்: 250 கிராம் வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 125 கிராமுக்கு மேல், அதே எடை பாதாமில் பத்துக்கும் குறைவு. ரத்தக் குழாய்க்கு எது நல்லது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் 220 கலோரி 220 கலோரிதான். பாதாம் லேசான பண்டம் இல்லை.

சீனியை இன்னும் குறைக்கலாமா என்று கேட்பீர்கள். மூல அளவு 250, நான் 150க்கு இறங்கியிருக்கிறேன். 120 வரை போய்ப் பார்த்தேன். கசப்பு தலைதூக்கியது, முட்டை நுரையும் நிற்கவில்லை. சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை, அந்த நுரையைப் பிடித்து வைப்பதும் அதுதான். அதனால்தான் சொட்டு இனிப்பூட்டிகளை ஊற்றினால் கேக் தட்டையாகப் போகிறது. கூலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் போட்டால் ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சீனியேதான், நிறமும் மணமும் வேறு. தேனும் பேரீச்சம்பழமும் அதே கணக்கில்தான் வரும். நான் என் வீட்டில் செய்யும் ஒரே தந்திரம், பதினாறாக வெட்டுவது. ஒரு துண்டுக்குச் சேர்த்த சீனி 9 கிராமுக்கு வந்துவிடும், இரண்டே கால் தேக்கரண்டி. சாப்பாட்டுக்கு அப்புறம் மேலே ஒரு மங்கு தேத்தண்ணியும் சீனி போட்டு வந்தால் இந்த மிச்சமெல்லாம் வீண், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் தள்ளிப் படிக்காதீர்கள். ஈப்போவுக்குப் போகும்போது தம்புன் ரோட்டோரக் கடைகளில் பம்ப்ளிமாஸ் தொங்குவதைப் பார்த்து, ஆரஞ்சு ஆகும் என்றால் இதுவும் ஆகுமே என்று தோன்றும். தோலின் கனத்தைப் பார்த்தாலே ஆசை வரும். ஈப்போ சீனர்கள் அந்தத் தோலைப் பலமுறை ஊறவைத்துப் பிழிந்து பிழிந்து கசப்பை எடுத்துக் கறியாகவே சமைப்பார்கள். ஆனால் உங்கள் அப்பா மாத்திரை சாப்பிடுகிறவர். பம்ப்ளிமாஸிலும் அதன் தங்கை கிரேப்ஃப்ரூட்டிலும் ஃப்யூரானோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகளையும், நிஃபெடிபின், ஃபெலோடிபின் போன்ற சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளையும் உடம்பு சிதைக்கும் வேலையை அது தடுத்துவிடும், மருந்து ரத்தத்தில் கூடிவிடும். வேகவைத்தால் போய்விடும் என்று நம்பக் கூடாது. லிமாவ் பூருட் (காஃபிர் எலுமிச்சை) தோலிலும் இந்த வகைப் பொருள் உண்டு. சாதாரண இனிப்பு ஆரஞ்சுக்கும் பெட்டி ஆரஞ்சுக்கும் இந்தத் தொல்லை சொல்லப்படுவதில்லை. எதற்கும் மாத்திரைப் பெயரை எழுதிக்கொண்டு போய் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையில் செய்யலாமா என்று இதற்கு முன் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முழுக்க அதிலேயே வேண்டாம், புளிப்பு தாங்காது. பெட்டி ஆரஞ்சு மூன்றோடு கஸ்தூரி நான்கு சேர்த்து வேகவைத்தால் அமர்க்களம். மெல்லிய தோலில் ஒரு பூ வாசனை இருக்கிறது, ஆரஞ்சில் அது கிடையாது. விதைதான் கஷ்டம், அந்தச் சின்னப் பழத்துக்குள் அவ்வளவு விதை எப்படி அடங்கியது என்று வியப்பாக இருக்கும்.

வைப்பது பற்றி: நம் ஊர் வெக்கையில் இந்தக் கேக்கை மேசை மேல் இரண்டாவது நாள் இரவுக்கு மேல் விடாதீர்கள். ஈரம் அதிகம், மூன்றாம் நாள் அடியில் வெள்ளையாகப் பூக்கும். ஐஸ் பெட்டியில் ஐந்து நாள் தாங்கும், அங்கே இரண்டாம் நாளில்தான் அதன் சுவையே திறக்கும். ஆர்டர் கொடுப்பவர்களுக்கு நான் எப்போதும் ஒரு நாள் முன்னதாகவே சுட்டுவிடுவேன்.

மிச்சப் பெட்டியைப் பற்றி: அடி வரிசைப் பழங்களை இன்றைக்கே புரட்டிப் பாருங்கள். ஒன்றில் பச்சைப் பூஞ்சை பிடித்திருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, அதை ஒட்டியிருந்தவற்றைத் துடைத்து முதலில் பயன்படுத்துங்கள். நல்லதாக இருப்பதையெல்லாம் ஒரே பானையில் வேகவைத்து, விதை எடுத்து, அரைத்து, 350 கிராம் 350 கிராமாகப் பையில் கட்டித் தட்டையாக உறையவைத்துவிட்டால் மூன்று மாதம் கவலையில்லை. பையின் மேல் தேதி எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை எழுதாமல் விட்டு, மீன் குழம்புக்கு எடுத்த புளிக்கரைசல் என்று நினைத்து என் வீட்டுக்காரர் அதைக் கரைத்துவிட்டார்.